வயிற்றுக்குள் ஒரு வேளாண்மை

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்று பேசுவதற்கு ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ளும்படி காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, குடலைப் பற்றிப் பேசலாமா என்றோம். அவர் சற்றே தயங்கினார். சபையிலே மலத்தையும் வாயுவையும் பற்றிப் பேசுவது அழகல்ல என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புபட்ட சங்கதி என்று சொன்னதும் இணங்கிவிட்டார். அவருக்கு எமது நன்றி.

அந்தக் குழந்தை எமது தமக்கையாரின் மகன். 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து வெள்ளம் இப்பகுதியை என்ன பாடு படுத்தியது என்பதை இங்குள்ளோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கிணறுகளெல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வடிந்த கையோடு, பதினொரு மாதப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. வீட்டிலே அம்மம்மா இட்ட கட்டளை ஒன்றே: "வயிற்றைக் காயப் போடுங்கள்." அதன்படி கஞ்சியும் நின்றது, தாய்ப்பாலும் குறைந்தது. மூன்றாம் நாள் பிள்ளையின் கண்கள் குழி விழுந்து, அழுதாற் கண்ணீரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கிடைத்த முதல் வார்த்தை ஏச்சுத்தான். சாப்பாட்டை நிறுத்தியது பெரும் பிழை என்றார்கள். ஜீவனிக் கரைசலும் நாகச் சத்து மாத்திரையும் தந்தார்கள். தாய்ப்பாலை நிறுத்தாமற் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளை தப்பிற்று. ஆனால் வயிற்றோட்டம் முற்றாக நின்றபாடில்லை. ஒரு வாரம் கடந்தும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துகொண்டேயிருந்தது.

தமக்கையாரின் வீடு பாண்டிருப்பில் மருதமுனை எல்லையோடு இருக்கின்றது. வேலிக்கு அப்பால் நெசவு நெய்யும் ஒரு குடும்பம். அந்த வீட்டு ராத்தா ஒரு நாட்காலை வேலியோரம் வந்து, "வாழைக்காயைத் தோலோட அவிச்சு, தோலை உரிச்சுப் போட்டு, மசிச்சுக் கஞ்சியில கலந்து குடுங்க மகள். எங்கட மூத்தம்மா இதுதான் செய்வாங்க" என்றார். அம்மம்மா தலையை ஆட்டினார். வாழைக்காய் வாய்வுப் பண்டம் என்பது அவர் கட்சி. தமக்கையார் மறுநாள் கிளினிக்கிலே கேட்டார், கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தார். நாலைந்து நாளிலே பிள்ளையின் வயிறு நேராயிற்று.

வாழைக்காய்தான் குணப்படுத்தியது என்று நாம் இச்சபையிலே சாதிக்க வரவில்லை. ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கொடாமல் விட்டிருந்தாலும் தானாகவே நின்றிருக்கலாம். ஆயின் அந்த ராத்தாவின் சொல் எம்மை விடவில்லை. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் நூல்நிலையத்திலே தேடத் தொடங்கினோம். தேடியதிற் கிடைத்ததே இன்றைய பேச்சு.

நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே சுகாதார பாடத்திற்கென்று ஒரு படம் மாட்டியிருப்பார்கள். கொம்பும் வாலும் முளைத்த ஒரு கரிய உருவம். அதன் கீழே 'கிருமி' என்று எழுதியிருக்கும். வேதபாடத்திற் கேள்விப்பட்ட சாத்தானுக்கும் அந்தக் கிருமிக்கும் நாம் நெடுநாளாக வேற்றுமை கண்டதில்லை. கிருமியென்றாற் பகை, சவர்க்காரத்தால் அதைக் கொல்ல வேண்டும். இவ்வளவே எமது ஞானம். கை கழுவுவது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எமது பெருங்குடலினுள்ளே ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்றும், அவற்றை நிறுத்தால் 200 கிராம் வரை இருக்கும் என்றும் 2016ஆம் ஆண்டிலே கணக்கிட்டிருக்கிறார்கள். எமது சொந்த உடலின் உயிரணுக்களும் ஏறக்குறைய அத்தனைதான். இத்தனை பேரும் பகைவராயின் நாம் ஒரு நாளும் உயிரோடிருத்தல் இயலாது.

இவற்றிற் பெரும்பாலானவை என்ன தொழில் செய்கின்றன? இதை அறிவதற்கு முதலில் சோற்றின் பயணத்தைச் சற்றே கவனிப்போமாக. சோற்றிலுள்ள மாப்பொருளை, வாயிலும் சிறுகுடலிலும் ஊறும் நொதியங்கள் வெட்டிக் குளுக்கோசாக்கிவிடுகின்றன. அது குருதியிற் சேருகின்றது. ஆனால் எல்லா உணவும் இவ்வாறு வெட்டுப்படுவதில்லை. கீரையின் நார், பயற்றங் கோது, வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள இனுலின் என்ற பொருள் ஆகியவற்றின் பிணைப்புகளை வெட்டுதற்கு ஏற்ற கத்தி மனித உடலில் இல்லை. வாழைக்காயின் மாப்பொருளிலும் ஒரு பகுதி எமது நொதியங்களுக்கு எளிதில் இணங்குவதில்லை. எமது சமிபாட்டுத் தொகுதி இவ்வகைப் பொருள்களை வெட்டுதற்கு வைத்திருக்கும் நொதிய வகைகள் இருபதுக்கும் உட்பட்டவை. குடலில் வாழும் ஒரேயொரு பற்றீரிய இனம், பற்றீரொயிடிசு தீற்றாயோற்றாமைக்குறொன் என்ற வாய்க்குள் நுழையாத பெயருடையது, இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட வெட்டும் நொதியங்களை ஆக்கவல்லது. ஆகவே நாம் சமிக்க முடியாமற் கீழே தள்ளியவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ளோருக்கு விருந்தாகின்றன.

இவ்விடத்திற் கலைச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்பெயர்களைத் தமிழில் உச்சரிப்பதற்கு நாம் படும் அவஸ்தையைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எமது காரைதீவில் அவதரித்த சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியும் என்று அவர் செய்து காட்டிய மண்ணில் நின்றுகொண்டு, முடியாது என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

நிற்க. அந்த விருந்து எப்படி நடக்கின்றது என்பதுதான் எம்மை மிகவும் வியக்க வைத்தது. ஒரு பற்றீரியம் தனியே வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போவதன்று. எங்கள் பக்கத்து வேளாண்மையை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் ஒருவர், கட்டித் தூக்குகிறவர் ஒருவர், சூடடிக்கிறவர் ஒருவர், தூற்றுகிறவர் ஒருவர், களத்திலே சிந்தியதைப் பொறுக்க வருகிறவர் இன்னொருவர். குடலிலும் அவ்வாறே. கடினமான மாப்பொருள் மணியை முதலில் உடைப்பதில் வல்லது றூமினோகொக்கசு புறோமியை என்ற இனம். ஸ்கொத்லாந்து தேசத்து அபடீன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2012ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, இந்த ஒன்று இல்லாவிடின் ஏனையவை வந்து கூடினாலும் அம்மாப்பொருள் பெரிதும் உடைபடாமலே கிடக்கும் என்று கண்டார்கள். வெட்டுகிறவன் வராத வயலிலே சூடடிப்பவனுக்கு என்ன வேலை? அது உடைத்துச் சிந்தும் வெல்லத்தைப் பிபிடோபற்றீரியம் முதலியவை உண்டு, அசற்றிக்கமிலத்தையும் இலத்திரிக்கமிலத்தையும் வெளிவிடுகின்றன. அவ்வமிலங்களை இன்னொரு கூட்டம் எடுத்துப் பியூற்றிரிக்கமிலமாக மாற்றுகின்றது. ஒருவர் கழித்தது மற்றவருக்கு உணவு. பெருங்குடலிலே ஒட்சிசன் கிடையாதாகையால் இவை யாவும் நொதித்தலாகவே நடைபெறுகின்றன.

கடைசியில் எஞ்சும் அசற்றிக்கு, புரொப்பியோனிக்கு, பியூற்றிரிக்கு ஆகிய மூன்றையும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் என்பர். இவை கழிவு அல்ல. எமக்குக் கிடைக்கும் குத்தகை நெல். பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் குருதி கொண்டுவரும் குளுக்கோசை விட இந்தப் பியூற்றிரிக்கமிலத்தையே தமக்கு முதன்மையான எரிபொருளாகக் கொள்கின்றன என்பதை 1980ஆம் ஆண்டில் றோடிகர் என்ற அறிஞர் காட்டினார். பியூற்றிரிக்கமிலம் வெண்ணெயிலும் உள்ளது. பழுதான வெண்ணெயின் நாற்றம் அதனுடையதே. நாற்றமுடையதெல்லாம் தீயதென்று எண்ணுவோர் இதைக் கவனிப்பாராக.

தாய்ப்பாலிலும் இந்த இரகசியம் உண்டு. பாலிலுள்ள திண்மப் பொருள்களில் அளவால் மூன்றாம் இடத்தில் நிற்பவை ஒருவகைச் சிறு வெல்லச் சங்கிலிகள். ஆச்சரியம் என்னவெனில் பிள்ளைக்கு அவை சமிப்பதேயில்லை. தாய் தன் உடலை உருக்கி, பிள்ளையாற் சமிக்க முடியாத ஒன்றை ஏன் பாலிற் சேர்க்க வேண்டும்? அது பிள்ளைக்கு அன்று; பிள்ளையின் குடலிலுள்ள பிபிடோபற்றீரியத்துக்கு. அப்பற்றீரியத்தைத் தாய்ப்பாலுண்ணும் சிசுக்களின் மலத்தில் முதன்முதற் கண்டவர் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்து ஹென்றி திசியே, ஆண்டு 1899. நல்ல பற்றீரியாக்களைப் போஷிக்கும் இத்தகைய உணவுகளுக்கு 1995ஆம் ஆண்டில் கிப்சன், றொபர்புறொயிட் என்னும் இருவர் 'பிறிபயோற்றிக்கு' என்று பெயரிட்டனர். பெயர் புதிது, தாய்மார் கொடுத்துவந்தது உலகம் தோன்றிய நாள் முதல்.

இனி வயிற்றோட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலே வேலூரில், ஐடா ஸ்கடர் என்ற மிஷன் பெண்மணி 1900ஆம் ஆண்டில் ஒரேயொரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலை, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கின்றது. அங்கே பி. எஸ். இராமகிருஷ்ணா என்ற குடல் நோய் வைத்தியரும் அவரது கூட்டத்தாரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஹென்றி பைண்டர், அவுஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோரோடு சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்பினர்.

அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள ஜீவனி எப்படி வேலை செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். சிறுகுடற் சுவரிலே குளுக்கோசு உட்புகும்போது சோடியத்தையும் கையோடு இழுத்துச் செல்கின்றது. சோடியம் போகுமிடத்துக்கு நீரும் போகின்றது. வாந்திபேதியின் நஞ்சு, உப்பு உட்புகும் மற்றொரு வாயிலை அடைத்தாலும் இந்த வாயிலை அடைப்பதில்லை. இவ்வளவுதான் சூட்சுமம்; கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காத்த சூட்சுமம். ஆனால் ஜீவனி உடம்பின் நீரைக் காக்குமேயன்றிப் பேதியின் அளவைக் குறைப்பதில்லை. தாய்மார் இதைக் கண்டு, மருந்து பிடிக்கவில்லை என்று இடையில் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அம்மம்மா அதைத்தான் சொன்னார்.

வேலூர்க்காரர் கேட்டது இது: சிறுகுடலைத்தான் பயன்படுத்துகிறோம், பெருங்குடல் என்ன சும்மாவா கிடக்கின்றது? அதுவும் நீரை உறிஞ்சவல்லதே. குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் அங்கே உறிஞ்சப்படும்போதும் சோடியமும் நீரும் கூடவே போகின்றன. வாந்திபேதி நஞ்சு அந்த வாயிலையும் அடைப்பதில்லை. ஆகவே சிறுகுடலிற் சமிக்காத மாப்பொருளைக் கரைசலிற் கலந்து குடிக்கக் கொடுத்தால், அது பெருங்குடலை அடைந்து, பற்றீரியாக்கள் அதை அமிலமாக்கி, அவ்வமிலம் நீரை மீட்டுத் தராதா?

வாந்திபேதி கண்ட 48 பேரைப் பதினாறு பதினாறு பேராக மூன்று கூட்டமாக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான கரைசல் மட்டும். ஒன்றுக்கு அதனுடன் இலீற்றருக்கு 50 கிராம் அரிசி மா. ஒன்றுக்கு 50 கிராம் சமிபாட்டுக்கு இணங்காத சோள மாப்பொருள். வழக்கமான கரைசல் குடித்தோருக்குப் பேதி சராசரி 91 மணித்தியாலம் நீடித்தது. அரிசி மாக் கூட்டத்துக்கு 71. சோள மாப்பொருட் கூட்டத்துக்கு 57. பேதியின் நிறையும் இக்கூட்டத்துக்கே குறைவு. 2000ஆம் ஆண்டிலே இது வெளியாயிற்று. அரிசி மா சிறுகுடலிலேயே சமித்துவிடுகின்றது. அது பற்றீரியாக்களின் கையிற் பெரிதும் கிடைப்பதில்லை. வேற்றுமை அங்கேதான். மருந்து என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கை, படத்திலே கொம்பு முளைத்திருந்த அந்தக் கிருமிகளே செய்து முடித்திருக்கின்றன.

அடுத்த ஆண்டு, 2001இல், வங்காளதேசத்து டாக்காவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இதைப் படித்தபோதுதான் நூல்நிலையத்திலே நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம், பக்கத்திலிருந்தோர் முறைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக வயிற்றோட்டம் நிற்காத, ஐந்து முதற் பன்னிரண்டு மாதம் வரையான 62 ஆண் குழந்தைகள். சிலருக்கு அரிசி உணவு மட்டும். சிலருக்கு அதிலே அவித்த வாழைக்காய். சிலருக்குப் பெற்றின் என்ற பழநார். நாலாம் நாள் முடிவில் அரிசி உணவு மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 23 பேர் குணமடைந்திருந்தனர். வாழைக்காய் உண்டோரில் நூற்றுக்கு 82 பேர். மருதமுனை மூத்தம்மாவின் கைமருந்துக்கு டாக்காவிலே கணக்குப் போட்டிருக்கின்றார்கள்!

இந்த ஆய்வுகள் சிறியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்பத்தெட்டுப் பேரும் அறுபத்திரண்டு பேரும் உலகமல்லர். ஆகையால் வாழைக்காய் இருக்கின்றது, ஜீவனி எதற்கு என்று இங்கிருந்து எழுந்து போவோர் எவரேனும் இருப்பின், அவர் எம்மைக் கொலைகாரராக்குகின்றார். பிள்ளைக்கு முதலில் ஜீவனியும் தாய்ப்பாலும். கண் குழி விழுந்தால், மலத்திலே இரத்தம் கண்டால், ஆஸ்பத்திரி. வாழைக்காய் அதற்குப் பின்பு, கேட்டறிந்து. வயிற்றைக் காயப் போடுவதோ எப்போதும் இல்லை. அம்மம்மாமார் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கோபித்தாலும் இதைச் சொல்லாது விடுதல் முறையன்று.

பெரியவர்களின் வயிற்றுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2015ஆம் ஆண்டிலே கொழும்பு இரசாயனக் கல்லூரி மாணவர் ஒருவர், சுதேயர் ஜேம்ஸ் என்பவர், தமது ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவுடன் செய்த ஆய்வை அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்திலே சமர்ப்பித்தார். எம்மைப் போன்ற ஒரு மாணவர். அதனால் எமக்குச் சற்றுப் பொறாமையும் உண்டு. கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அரை கோப்பை அரிசியைப் போட்டுச் சமைத்து, பன்னிரண்டு மணித்தியாலம் குளிர்ப்பெட்டியில் வைத்தால், சமிக்காத மாப்பொருள் ஒரு வகை அரிசியிற் பத்து மடங்கு வரை கூடுகின்றது என்றார். பின்னர் சூடாக்கினாலும் அது குறைவதில்லையாம். காரணம் எளிது. வேகும்போது அவிழ்ந்த மாப்பொருட் சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் நெருங்கி இறுகிக்கொள்கின்றன. இறுகியதை எமது நொதியத்தால் வெட்ட முடியாது, பற்றீரியத்தால் முடியும். ஆறிய சோறும் சுடுசோறும் வயிற்றுக்கு ஒன்றல்ல. வயலுக்குப் போகுமுன் பழஞ்சோறும் தயிரும் வெங்காயமும் உண்ட எங்கள் பாட்டன்மார் பெருங்குடலுக்கும் சோறு போட்டுவிட்டே போனார்கள். ஆயினும் ஒரு எச்சரிக்கை: எங்கள் வெக்கையிலே சோற்றைச் சட்டியோடு வெளியே நெடுநேரம் விட்டுவிட்டால் அதில் வேறொரு பற்றீரியம் பெருகி நஞ்சு கக்கும், அந்த நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. விரைவில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தலே தக்கது.

இன்று எமது வீதிகளிற் காலையிலே பாண், இரவிலே கொத்து ரொட்டி. கல்முனைச் சந்தையிலோ மரவள்ளியும் வற்றாளங்கிழங்கும் குரக்கனும் கௌபியும் பயறும் குவிந்து கிடக்கின்றன. இந்த மாற்றத்தால் என்ன நேரும் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு உண்டு. தென்னாபிரிக்கக் கிராமவாசிகள் இருபது பேரும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபது பேரும் இரண்டே வாரத்துக்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த கிராமத்து உணவுக்கு மாறிய அமெரிக்கருக்குப் பியூற்றிரிக்கமிலம் இரண்டரை மடங்காயிற்று. பெருங்குடற் புற்றுநோயோடு தொடர்புடைய அறிகுறிகள் தணிந்தன. மற்றவர்களுக்கு நேர்மாறு. இரண்டு வாரந்தான்!

மருந்துக்கடைகளிலே 'பிறிபயோற்றிக்கு' என்று டின்னிலே அடைத்து விற்பதையும் கண்டிருப்பீர்கள். அதன் விலைக்கு எத்தனை சீப்பு வாழைக்காய் வாங்கலாம் என்று வாசலில் நின்று நாம் கணக்குப் பார்த்ததுண்டு. அதே கடையிலே வயிற்றோட்டத்துக்கென்று துண்டுச் சீட்டு இல்லாமலே கிருமிகொல்லி மாத்திரையும் கேட்டு வாங்குகிறார்கள். தண்ணீர் போன்ற வயிற்றோட்டம் பெரும்பாலும் வைரசினால் வருவது. மாத்திரை அதனைத் தொடாது. தொடுவது வயலிலே வேலை செய்துகொண்டிருக்கும் கூலியாட்களை.

பேச்சை முடித்து அமர்ந்தபின் ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, இதெல்லாம் சரி. பயறும் கடலையும் தின்றால் வாயு பறக்கிறதே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டார். சபை சிரித்தது. நியாயமான கேள்வியாகையால் விடையையும் இங்கே சேர்த்துவிடுகின்றோம். நொதித்தலிலே ஐதரசனும் காபனீரொட்சைட்டும், சிலருக்கு மெதேனும் உண்டாவது இயற்கை. நெடுநாட் பாணே உண்ட வயிற்றிலே திடீரென்று ஒரு கிண்ணம் கடலையை இறக்கினால் அங்குள்ளோர் திணறிப்போவார்கள். முதல் வாரம் ஒரு பிடி. பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுதல். கடலையை இரவு முழுதும் ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டுப் புதுநீரில் அவித்தல். நாட்செல்லச் செல்லப் பலருக்கு வாயு தணியும். பெரியவர் திருப்திப்பட்டாரோ தெரியாது. "அப்ப ஒரு பிடியிலே தொடங்கிப் பார்ப்பம்" என்று சொல்லி அமர்ந்தார்.